கல்லூரியை ஊர்ப் பக்கம் திருப்புவது எப்படி? கொங்குச் சிற்றூர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை கல்லூரி கேட்டைத் தாண்டுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று எல்லாப் பக்கமும் இப்படித்தான். கல்லூரி பஸ்கள் காலையில் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கி விடுகின்றன. ஆனால் அங்கே இருக்கிற ஆய்வகமும் அங்கே வேலை பார்க்கிறவர்களின் படிப்பும் நம் ஊர்க் கிணற்றுக்கோ தறிக்கோ மாட்டுக்கோ வந்து சேர்வதில்லை. வந்தால் ஏழு நாள் முகாம், ஒரு பேனர், பத்து மரக்கன்று, அதோடு சரி.

அவிநாசிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு சில வருடமாக இந்த வேலையில் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கல்லூரிகள் கெட்டவை இல்லை, அங்கே மனசு இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஊர் தன் கேள்வியைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கேட்காததுதான் பெரும்பாலும் குறை. கேள்வி நம்முடையதாக இருந்தால் பதிலும் நம் ஊருக்குத் திரும்பி வரும். கேள்வி அவர்களுடையது என்றால் பதில் அவர்கள் அறிக்கையோடு நின்றுவிடும். இந்தப் பாடம் எங்களுக்கு மண்ணில் கிடைத்தது.

ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து வீடு வீடாக மண் மாதிரி கேட்டார்கள். நாங்களும் ஆசையாகக் கொடுத்தோம். பாதிப் பேர் வரப்பு ஓரத்தில் ஒரு கை அள்ளி, காலி உரச் சாக்கில் முடிந்து கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். அடுத்த வருடம் வேறு ஒரு பேராசிரியர் வந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க சார், போன வருசம் கொண்டு போன மண்ணு என்னாச்சுங்க?" அந்தப் பேராசிரியருக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. அன்றைக்கு அவர் பேச வந்த எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

முதல் வேலை: கேள்வியைச் சின்னதாக்குவது

கல்லூரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஊருக்குள் பேசுங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். பேரூராட்சி என்றால் பகுதி சபை. ஆனால் உண்மையான பேச்சு பால் சொசைட்டியிலும் ரேஷன் கடை வரிசையிலும்தான் நடக்கும். ஒரு மாதம் நோட்டும் கையுமாக அங்கே நில்லுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பட்டியல் வேறாக இருக்கும். ஊருக்குள் மட்டும் கேட்டுவிட்டுக் காலனிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கிற தப்பு அது. கல்லூரிக்காரர்கள் தலைவர் வீட்டு வாசலில் இறங்கி, அங்கேயே காப்பி குடித்து, அங்கேயே கணக்கெடுத்து முடித்துவிடுவார்கள். குடிதண்ணீர் மிகவும் கெட்டுப்போன குழாய் காலனியில் இருக்கும், அது கணக்கில் வராது.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒன்றே ஒன்றை எடுங்கள். "தண்ணீர்ப் பிரச்சினை" என்பது கேள்வி இல்லை, அது புலம்பல். அதைக் கொண்டு போய் எந்தப் பேராசிரியரிடம் சொன்னாலும் தலையாட்டுவாரே தவிர எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பவானி ஆற்றின் உபரி நீரை ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம், பல தலைமுறை கேட்டு வாங்கியது. இப்போது ஊர் கேட்க வேண்டிய கேள்வி இது: "எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு தூரம் வரைக்கும் ஏறியது?" இதை ஒரு மாணவர் குழு ஒரு வருடத்தில் அளந்து சொல்லலாம். வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வருடத் தண்ணீருக்கும், வாய்க்கால் தூர் வாருவதற்கும் ஊர் பேசலாம்.

நொய்யல் ஓரத்து ஊர் என்றால் கேள்வி வேறு. சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய காலத்தை யாரும் மறக்கவில்லை. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இப்போது கிணற்று உப்பு எந்த அளவில் இருக்கிறது, எந்த மாதம் கூடுகிறது? பவானி என்றால் ஜமக்காளத் தறிக்கு இளையவர்கள் வராததற்குக் கூலி மட்டும்தான் காரணமா? அந்தியூர்ப் பக்கம் என்றால் பர்கூர் மாடு வளர்க்கிற பட்டிகள் எத்தனை மிச்சம்? இப்படி ஒரே வரியில் சொல்ல முடிகிற கேள்வியாக வேண்டும்.

இரண்டாவது: எந்தக் கதவைத் தட்டுவது

இது தெரியாமல்தான் பாதிப் பேர் தவறான வாசலில் நின்று திரும்புகிறார்கள். கல்லூரி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

பயிர், மண், பூச்சி என்றால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1906-லேயே சென்னை சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்துவிட்ட கல்லூரி, 1971-ல் பல்கலைக்கழகமானது. ஆனால் கோவைக்கே போக வேண்டும் என்று இல்லை. பவானிசாகரில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது (பி.எஸ்.ஆர். மஞ்சள் ரகங்களின் பெயரே பவானிசாகரிலிருந்து வந்ததுதான்), தென்னைக்கு ஆழியார் நகர், மரவள்ளிக்கு ஏத்தாப்பூர். மரப்பயிர், மலைவேம்பு பற்றி என்றால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. மாடு, ஆடு, கோழி என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. கரும்பு என்றால் கோவையிலேயே 1912-லிருந்து இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், நம் தோட்டங்களில் நிற்கிற கோ 86032 அங்கே பிறந்ததுதான். நூல், துணி என்றால் கோவையில் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம். சத்துணவு, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சி, வீட்டுத் தொழில் என்றால் கோவை அவிநாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம். கருவி, பம்ப், மின்சாரம் என்றால் பக்கத்தில் இருக்கிற எந்த இன்ஜினியரிங் கல்லூரியும். ஊர்க் கணக்கு, கூட்டுறவு, ஊர் வரலாறு என்றால் அரசு கலைக் கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் அதிகம் படிப்பது அங்கேதான், யாரும் போய்க் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டிலேயே முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். ஆராய்ச்சியை ஊருக்கு இறக்குவதற்காகவே ஆள் போட்டு வைத்திருக்கிற இடம் அது. அமெரிக்காவில் 1914-ல் இதற்கென்றே சட்டம் போட்டு, பல்கலைக்கழகத்தின் ஆளை மாவட்டத்திலேயே குடிவைத்தார்கள். விவசாயி பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை என்ற யோசனைதான் இரண்டிலும். காரமடையிலும் கோபியிலும் நாமக்கல்லிலும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு எது பக்கம் என்று பார்த்துப் போங்கள்.

இந்த இணைப்பு சரியாக நடந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவை மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. மருந்தடித்தும் தீரவில்லை. 2010-ல் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. வேளாண் பல்கலைக்கழகமும் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாகக் கொடுத்தன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியை விட்டுப் பெருக்கினார்கள். கொசுவைவிடச் சின்ன ஒரு குளவி நம் பப்பாளித் தோட்டங்களைக் காப்பாற்றியது. ஆய்வகம் தனியாகவும் இதைச் செய்திருக்க முடியாது, விவசாயி தனியாகவும் முடியாது.

மூன்றாவது: யாரை, எப்போது பார்ப்பது

கல்லூரி முதல்வருக்கு மனு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. மூன்று பேரில் ஒருவரைத் தேடுங்கள். ஒருவர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். 1969-லிருந்து நடக்கும் திட்டம் இது, ஒரு மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதற்கு அந்த அலுவலருக்கு இடமும் வேலையும் தேவை. இரண்டாமவர், உன்னத் பாரத் அபியான் ஒருங்கிணைப்பாளர். 2014-ல் தொடங்கிய மத்தியத் திட்டம், சேர்ந்த கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். உங்கள் ஊர் ஏற்கெனவே ஏதோ ஒரு கல்லூரியின் பட்டியலில் இருக்கலாம், ஊருக்கே தெரியாமல். போய்க் கேளுங்கள். மூன்றாமவர், நீங்கள் கேட்கும் துறையின் ஒரு பேராசிரியர், முடிந்தால் நம் பக்கத்து ஊர்க்காரர். அந்தக் கல்லூரியில் படிக்கிற உங்கள் ஊர்ப் பிள்ளையை முன்னால் விடுங்கள். அந்தப் பெண் அல்லது பையன் திறக்கிற கதவு மாதிரி வேறெதுவும் திறக்காது.

காலம் மிக முக்கியம். இன்ஜினியரிங் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் நடப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே அக்டோபரிலேயே உங்கள் கேள்வியோடு போய் நிற்க வேண்டும். ஜனவரியில் போனால் தலைப்பு முடிவாகியிருக்கும். நவம்பர், ஏப்ரல் தேர்வுக் காலத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். ஊர்ப் பக்கமும் பாருங்கள்: மஞ்சள் வெட்டி வேகவைக்கிற மாதங்களில் மாணவர்கள் கேள்வித்தாளோடு வந்தால் யார் நின்று பதில் சொல்வது? மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட வாரத்திலும் அப்படித்தான். கல்லூரி நாட்காட்டியையும் ஊர் நாட்காட்டியையும் ஒரே தாளில் எழுதி அந்தப் பேராசிரியரிடம் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம், அவர் அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: கேள்வி, ஊர் எங்கே இருக்கிறது, ஊர் என்ன தரும், யார் பொறுப்பு, எப்போது முடிய வேண்டும்.

நான்காவது: கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒரு தாள் வரும், போட்டோ எடுப்பார்கள். அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிவுகள் தமிழில், எழுத்தாக, இன்ன தேதிக்குள் ஊருக்கு வரும் என்று தேதியோடு. சேகரித்த தகவலின் ஒரு பிரதி ஊராட்சியில் இருக்கும் என்று. வீட்டுக்காரர் பெயரும் ஆதார் எண்ணும் எங்கேயும் போகாது என்று. ஏதாவது கருவி, சோலார், சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தால் அது யாருக்குச் சொந்தம், பழுதானால் யார் பார்ப்பது என்று. இந்தக் கடைசி ஒன்றுக்காக நான் சண்டையே போடுவேன். வைத்த வருடம் ஓடி, வடிகட்டுகிற மெம்பரேன் மாற்ற ஆளில்லாமல் தூசி படிந்து நிற்கிற குடிநீர் இயந்திரங்களை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறேன்! பராமரிப்புச் செலவுக்கு வழி சொல்லாத எதையும் வாங்காதீர்கள், இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அளப்பது, சோதிப்பது போன்ற வேலைக்குப் பெரிய தொகை தேவைப்படாது, கல்லூரி ஆய்வகமே போதும். கட்டுமானம் என்று வந்தால் பக்கத்து மில், கம்பெனிகளிடம் கேட்கலாம். 2013 நிறுவனங்கள் சட்டப்படி வருடத்துக்கு 5 கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, தன் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். கல்லூரியின் அறிக்கை கையில் இருந்தால் அவர்களும் நம்பிக் கொடுப்பார்கள்.

ஐந்தாவது: மாணவர்கள் வந்து இறங்கும் நாள்

சாப்பாடு, நிழல், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. இந்த மூன்றையும் முந்தின நாளே பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு குழுவோடும் ஊர்க்காரர் ஒருவர் போக வேண்டும், வழிகாட்ட மட்டுமல்ல, சொல்லிக் கொடுக்கவும்தான்.

மண் எடுப்பதை இரு தரப்பும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது. தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு சாண் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, அரை கிலோ மிஞ்சும் வரை இப்படியே. சுத்தமான துணிப்பை, உள்ளே பெயர்ச் சீட்டு. உரச் சாக்கு கூடவே கூடாது, சாக்கில் ஒட்டியிருக்கிற உரம் ரிசல்ட்டையே மாற்றிவிடும்.

கிணற்று மட்டம் அளப்பது இன்னும் எளிது. ஒரு கயிறு, நுனியில் எடைக்கல், மீட்டருக்கு ஒரு முடிச்சு. கிணற்று விளிம்பில் பெயின்ட் அடித்து ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அங்கிருந்தே விடுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும், ஓடின பிறகு அளந்தால் கணக்குக்கு ஆகாது. உப்பு பார்க்கத் தண்ணீர் பிடிப்பதானால் இதற்கு நேர்மாறு. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் பாட்டிலோடு நின்ற மாணவியிடம், "கண்ணு, குழாய்ல நின்ன தண்ணியப் புடிக்காதே, மோட்டார் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார். பேராசிரியர் வகுப்பில் சொன்னதும் அதேதான். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பாட்டிலை மூன்று முறை அலசி, அப்புறம் பிடித்தது.

கல்லூரியின் படிப்பு எங்கே உதவியது தெரியுமா? நாங்கள் குளத்துக்குப் பக்கத்துக் கிணறுகளை மட்டும் அளக்கப் பார்த்தோம். அந்தப் பேராசிரியர்தான், "அப்படி அளந்தால் ஏறினது மழையாலா குளத்தாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? குளத்தைவிட்டுத் தள்ளி இருக்கிற கிணறுகளும் சிலது வேண்டும், மழையளவையும் எழுதுங்கள்" என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஆறாவது: பதிலை ஊருக்குக் கொண்டுவருவது

அறிக்கை வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கிராம சபையில் மாணவர்களே நின்று தமிழில் சொல்ல வேண்டும். படம் போட்ட ஒரு தாள் பால் சொசைட்டிச் சுவரில், ரேஷன் கடையில், காலனி சமுதாயக் கூடத்தில் ஒட்ட வேண்டும். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவையும் உங்கள் தெருக் குழாயின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கெட்ட முடிவு வந்தாலும் மறைக்காதீர்கள். ‘நிலத்து விலை இறங்கிவிடும்’ என்று சிலர் தடுப்பார்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த முடிவை ஊராட்சியின் வருடாந்திர வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றுங்கள், சபைத் தீர்மானமாக. ஒன்றிய அலுவலகத்தில் வாய்ப்பேச்சைவிட எண்ணும் தீர்மானமும் இருக்கிற மனுவுக்கு மரியாதை வேறு.

ஊரும் கல்லூரிக்குக் கொடுக்க நிறைய இருக்கிறது. சென்னிமலைத் தறிக்காரரை டெக்ஸ்டைல் வகுப்புக்கு அழைத்து, அவருக்குப் போக்குவரத்தும் சம்பளமும் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொல்லலாம். காங்கேயம் மாட்டைப் பார்வையிலேயே எடை சொல்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவது வேண்டாம், கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

ஏழாவது: ஆள் மாறினாலும் நிற்கும்படி செய்வது

பேராசிரியர் மாற்றலாகிப் போவார். மாணவர்கள் ஏப்ரலில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் மாறுவார். இந்த மூன்றும் ஒரே வருடத்தில் நடந்தால் எல்லாம் அறுந்துபோகும். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் பொறுப்பு எடுக்க வேண்டும், ஊர்ப் பக்கம் அதில் ஒருவர் பெண்ணாக, மகளிர் குழுவிலிருந்து. எங்கள் ஊரில் கணக்கு ஒழுங்காக நிற்பதற்கு அந்தக் குழுவின் கணக்காளர் அக்காதான் காரணம், அவர் ஒரு மாதம்கூட விட்டதில்லை.

ஏப்ரலில் பழைய மாணவர்கள் கிளம்புவதற்கு முன், அடுத்த வருட மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஒரு சுற்று அளக்க வைக்கச் சொல்லுங்கள். கிணற்று நோட்டு, முடிச்சுக் கயிறு, உப்பு பார்க்கிற பேனா மீட்டர் மூன்றும் ஊரிலேயே, பால் சொசைட்டி அலமாரியில் இருக்கட்டும். சாவி யாரிடம் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மே மாதம் கல்லூரி லீவு, ஆனால் கிணறு மிகவும் இறங்குகிற மாதமும் அதுதான். அந்த மாதக் கணக்கை ஊர்ப் பிள்ளைகளே எடுத்து வைத்துவிட்டால், ஜூனில் புதிதாக வருகிறவர்கள் அடுத்த வரியிலிருந்து எழுதலாம்.